வழங்கல் சங்கிலியில் உயர் பதவியும் வீசா அனுசரணையும்: சம்பளத்தைக் கேட்க முன் நிபந்தனையைக் கேளுங்கள்

வெளிநாட்டிலிருந்து ஒரு கொள்கலன் சரக்குக்கு விலை வந்தால், அனுபவமுள்ள வியாபாரி தொகையைப் பார்த்ததோடு தலையாட்டிவிட மாட்டார். எப்.ஓ.பி. விலையா, சி.ஐ.எப். விலையா என்று கேட்பார். கப்பற் கூலி யாருடையது, காப்புறுதி யார் போடுவது, வழியில் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்றெல்லாம் விசாரிப்பார். அதன் பின்னரே எல்.சி. திறப்பதற்கு வங்கிக்குப் போவார்.

அதே வியாபாரியின் மகனுக்கு "சப்ளை செயின் மெனேஜர் வேலை இருக்கிறது, வீசா அனுசரணையும் உண்டு" என்று ஒருவர் சொன்னால் மட்டும் இந்த விசாரணை எல்லாம் மறந்துபோகிறது. "சம்பளம் எவ்வளவு? நாங்கள் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு முடிகிறது. காணியை விற்றும், கடைச் சரக்கைக் குறைத்தும், உறவினரிடம் கைமாற்று வாங்கியும் பணம் திரட்டுகிறார்கள். ஆகவே இந்தத் துறையின் உயர் பதவி என்றால் என்ன, அனுசரணை என்றால் என்ன, அதற்கு நம் பிள்ளைகளை எப்படித் தயார்படுத்துவது என்பதை இவ்வாரம் பாடமாகப் பார்ப்போம்.

வழங்கல் சங்கிலி என்றால் என்ன?

பொருள் உற்பத்தியாகும் இடத்திலிருந்து வாடிக்கையாளரின் கைக்கு வரும்வரை உள்ள முழுப் பாதையையும் ஒன்றாகப் பார்த்து நடத்துவதே வழங்கல் சங்கிலி முகாமைத்துவம். 1982ஆம் ஆண்டில் கீத் ஒலிவர் என்ற முகாமைத்துவ ஆலோசகர் இச்சொல்லைப் பொது வழக்குக்குக் கொண்டுவந்தார் என்பர். அதற்கு முன்னர் கொள்வனவுப் பிரிவு ஒன்று, களஞ்சியம் ஒன்று, போக்குவரத்து ஒன்று எனத் தனித்தனியாக இருந்தன. ஒன்று செய்வது மற்றதற்குத் தெரியாது. மலிவாகக் கிடைக்கிறது என்று கொள்வனவுப் பிரிவு ஆறு மாதச் சரக்கை வாங்கிப் போடும். வைக்க இடமில்லாமல் களஞ்சியக்காரர் திண்டாடுவார்.

1996இல் அமெரிக்காவில் உருவான 'ஸ்கோர்' என்ற மாதிரி இந்த வேலையைச் சில பகுதிகளாகப் பிரித்துக் காட்டியது. திட்டமிடல், வாங்குதல், உற்பத்தி செய்தல், கொண்டு சேர்த்தல், திரும்பி வரும் பொருளைக் கையாளுதல் என்பனவே அவை. ஒரு பகுதியை மட்டும் நடத்துபவர் அந்தப் பிரிவின் முகாமையாளர். எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கொண்டுவந்து நடத்துபவரே வழங்கல் சங்கிலிப் பணிப்பாளர். பெரிய நிறுவனங்களில் இவர் பிரதம நிறைவேற்று அதிகாரிக்கு நேரடியாகப் பதில் சொல்பவர்.

இவருடைய வேலையை நம் கடைக் கணக்கிலேயே விளங்கிக்கொள்ளலாம். ஒரு கடையில் வருடத்துக்கு விற்கும் பொருளின் கொள்விலை 3 கோடி 60 இலட்சம் ரூபா என்று வையுங்கள். கையில் உள்ள சரக்கு 90 இலட்சம். அப்படியானால் சரக்கு வருடத்துக்கு 4 தடவை சுழல்கிறது. ஒரு பொருள் சராசரியாக 91 நாள் தட்டில் கிடக்கிறது. விற்பனை குறையாமல் சரக்கை 60 இலட்சத்துக்குக் கொண்டுவர முடிந்தால் சுழற்சி 6 தடவையாகிறது. கிடக்கும் காலம் 61 நாளாகக் குறைகிறது. யாரிடமும் கடன் வாங்காமல் 30 இலட்சம் ரூபா கைக்கு வருகிறது. இதையே ஆறு நாடுகளில், பல்லாயிரம் பொருட்களில், பொருள் முடிந்துபோகாமலும் தேங்காமலும் செய்து காட்டுபவருக்குத்தான் நிறுவனங்கள் பெரிய சம்பளம் கொடுக்கின்றன.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். நூறு கட்டளைகளில் 95 நேரத்துக்குப் போகின்றன, 95 முழு எண்ணிக்கையில் போகின்றன, 95 சேதமில்லாமல் போகின்றன. கேட்பதற்கு எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இந்த மூன்று குறைகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் நிகழ்வதாக எடுத்துக்கொண்டு மூன்றையும் பெருக்கினால், ஒரு குறையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தவை 86க்கும் குறைவு. நூற்றில் பதினான்கு வாடிக்கையாளருக்கு ஏதோ ஒரு மனக்குறை. பிரிவு முகாமையாளர் தன் 95ஐப் பார்த்துத் திருப்தியடைவார். பணிப்பாளர் பார்க்க வேண்டியது அந்த 86ஐ.

இப்பதவியின் மதிப்பு ஏன் உயர்ந்தது?

2021 மார்ச் 23ஆம் திகதி எவர் கிவன் என்ற கப்பல் சுயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் பாதையை மறித்தது. 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் பெரும் கப்பற் கம்பனிகள் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கான பயணம் பத்து நாளுக்கும் மேல் நீண்டது. 2024 மார்ச் 26இல் கொழும்பை நோக்கிப் புறப்பட்ட டாலி என்ற கப்பல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பாலத்தில் மோதியது. அத்துறைமுகத்தின் பிரதான கால்வாய் முழுமையாகத் திறக்கப்பட ஜூன் மாதமாயிற்று. இவற்றுக்கு முன்னர் கொரோனா காலம் வேறு.

இப்படியான நேரத்தில் எந்தச் சரக்கை விமானத்தில் எடுப்பது, எதைத் தாமதிக்க விடுவது, எந்த வழங்குநருக்குப் பதில் யாரைப் பிடிப்பது என்று முடிவெடுக்க ஒருவர் வேண்டும். இந்தத் துறையிலிருந்து நிறுவனத்தின் தலைமைக்கே போனவர்களும் உண்டு. 1998இல் அப்பிள் நிறுவனத்தில் சேர்ந்து அதன் சரக்கிருப்பை மாதக் கணக்கிலிருந்து நாட்கணக்குக்குக் கொண்டுவந்த டிம் குக், 2011இல் அதன் பிரதம நிறைவேற்று அதிகாரியானார். ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தில் கொள்வனவையும் வழங்கல் சங்கிலியையும் தன் பொறுப்பில் வைத்திருந்த மேரி பாரா, 2014இல் அதன் தலைமைக்கு வந்தார்.

நம் நாட்டவருக்கு இதில் ஒரு தனி அனுகூலம் இருக்கிறது. 2022இல் டொலர் இல்லை, எல்.சி. திறக்க முடியவில்லை, எரிபொருளுக்கு வரிசை, இறக்குமதிக்குத் தடை. அந்த வருடத்தில் ஒரு தொழிற்சாலையை நிற்காமல் ஓட்டியவர், அல்லது ஒரு மருந்து விநியோகத்தை முறியாமல் காத்தவர், உலகில் பலருக்குக் கிடைக்காத பயிற்சியைப் பெற்றவர். நேர்முகப் பரீட்சையில் "2022இல் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்குத் திகதியோடும் தொகையோடும் பதில் சொல்லக்கூடியவருக்கு அதுவே பெரிய சான்றிதழ்.

அனுசரணை என்றால் யார் எதைப் பொறுப்பேற்பது?

அனுசரணை என்பது சந்தையில் விற்கும் பொருளல்ல. "இந்த ஆளை இந்த வேலைக்கு, இந்தச் சம்பளத்தில் எடுக்கிறேன்" என்று வேலை கொடுப்பவர் தன் நாட்டு அரசாங்கத்துக்குக் கொடுக்கும் பொறுப்பே அனுசரணை. ஆகவே அதன் செலவில் பெரும்பகுதியை அவரே ஏற்க வேண்டும் என்று சட்டங்கள் சொல்கின்றன. நம்மவர் போகும் மூன்று நாடுகளைப் பார்ப்போம்.

ஐக்கிய அரபு இராச்சியம்: டுபாயின் ஜெபல் அலி துறைமுகம் 1979இல் திறக்கப்பட்டது, அதையொட்டிய சுதந்திர வர்த்தக வலயம் 1985இல் வந்தது. 2024இல் அத்துறைமுகம் ஒரு கோடி 55 இலட்சம் இருபதடிக் கொள்கலன் அளவைக் கையாண்டது. பல பன்னாட்டு நிறுவனங்கள் மத்திய கிழக்குக்கும் ஆபிரிக்காவுக்குமான சரக்கை அங்கிருந்தே நடத்துவதால் பிராந்தியப் பதவிகள் அங்கு உருவாகின்றன. 2022 பெப்ரவரி 2 முதல் நடைமுறைக்கு வந்த தொழிற் சட்டத்தின்படி, ஆட்சேர்ப்புச் செலவை ஊழியரிடம் அறவிட முடியாது. நன்னடத்தைக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. வேலையை விட்ட பின் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனை போட்டால் அது இரண்டு வருடத்துக்கு மேல் செல்லாது. உயர் பதவிக்காரர் இந்தக் கடைசி நிபந்தனையைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். பட்டப்படிப்பும் மாதம் 15,000 திர்ஹத்துக்குக் குறையாத சம்பளமும் உள்ள உயர்திறன் ஊழியர், கம்பனியின் அனுசரணை இல்லாமல் தன் பெயரிலேயே ஐந்து வருடப் பச்சை வீசாவுக்கு விண்ணப்பிக்கும் வழியும் 2022இல் திறந்தது.

சவூதி அரேபியா: வேலைக்கு எடுக்கும் செலவு, இகாமா, வேலை அனுமதி ஆகியவற்றின் கட்டணம் வேலை கொடுப்பவருடையது என்று அந்நாட்டுத் தொழிற் சட்டத்தின் 40ஆம் பிரிவு சொல்கிறது. 2021 மார்ச் 14 முதல், ஒரு வருடம் வேலை செய்த தனியார்துறை ஊழியர் குறித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு, முதலாளியின் சம்மதம் இன்றியே வேறு நிறுவனத்துக்கு மாறலாம். ஆனால் கொள்வனவுத் தொழில்களில் உள்நாட்டவருக்கென ஒதுக்கீடு உண்டு. எனவே வேலையின் பெயர் என்ன, அந்தப் பெயரில் வெளிநாட்டவருக்கு அனுமதி கிடைக்குமா என்பதை ஒப்புக்கொள்ள முன்னரே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிரித்தானியா: 2020 டிசம்பரில் வந்த திறன்மிகு ஊழியர் வீசாவில், அரசின் உரிமம் பெற்ற நிறுவனம் மட்டுமே அனுசரணைச் சான்று கொடுக்கலாம். பொதுவான சம்பள எல்லை 2024 ஏப்ரலில் 38,700 பவுணாகவும், 2025 ஜூலை 22இல் 41,700 பவுணாகவும் உயர்ந்தது. குறித்த தொழிலுக்கான சம்பள வீதம் அதைவிடக் கூடினால் அதையே பார்ப்பார்கள். அதே ஜூலையில் புதிதாக வருவோருக்கான வேலைத் தரம் பட்டதாரி மட்டத்துக்கு உயர்த்தப்பட்டது. 2026 ஜனவரி 8 முதல் புதிய விண்ணப்பதாரரின் ஆங்கிலத் தேர்ச்சி எல்லையும் கூடியது. ஆகவே "களஞ்சிய மேற்பார்வையாளர்" வேலையைப் "பணிப்பாளர்" என்று பெயர் மாற்றி வீசா எடுப்பது நடக்கிற காரியமல்ல. அனுசரணைச் சான்றின் கட்டணத்தையும், உரிமக் கட்டணத்தையும், நிறுவனம் கட்டும் திறன் வரியையும் ஊழியரிடம் அறவிடுவதற்கும் தடை உண்டு. வீசாக் கட்டணமும் சுகாதாரக் கட்டணமும் மட்டும் விண்ணப்பதாரரின் பெயரில் வரும். பல நிறுவனங்கள் உயர் பதவிக்கு அவற்றையும் தாமே கொடுக்கின்றன. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அந்நாட்டு அரசு பகிரங்கமாக வெளியிடுகிறது. வேலை போனால் பொதுவாக 60 நாளுக்குள் வேறு அனுசரணையாளரைத் தேட வேண்டும், அல்லது நாடு திரும்ப வேண்டும்.

இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை. ஒப்பந்தம் வரும் நாளில் இருக்கும் விதியைப் பாருங்கள். போன வருடம் போனவர் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

சம்பளத்தைக் கணக்குப் போடும் முறை

சி.ஐ.எப். விலையில் கப்பற் கூலியை விற்பவர் கட்டினாலும், பொருள் கப்பலில் ஏறியவுடன் சேத ஆபத்து வாங்குபவருக்கு வந்துவிடுகிறது. செலவு ஒருவருடையது, ஆபத்து இன்னொருவருடையது. அனுசரணை வேலையிலும் இதுதான் நிலைமை. செலவை நிறுவனம் ஏற்கிறது. வேலை போனால் வீசாவும், வீடும், பிள்ளைகளின் பாடசாலையும் ஒரே நாளில் ஆட்டம் காணும் ஆபத்து ஊழியருடையது. அதனால் மொத்தச் சம்பளத்தோடு மேலும் சில விடயங்களைக் கேட்க வேண்டும்.

முதலாவது, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? டுபாயில் மாதம் 25,000 திர்ஹம் என்று இரண்டு இடத்தில் கேட்கிறார்கள். ஒன்றில் அடிப்படை 10,000, மற்றதில் 15,000, மீதி கொடுப்பனவுகள். சேவை முடிவுப் பணம் முதல் ஐந்து வருடத்துக்கு வருடமொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். முதலாமவருக்கு ஐந்து வருட முடிவில் 35,000 திர்ஹம் கிடைக்கும், இரண்டாமவருக்கு 52,500. மாதச் சம்பளம் ஒன்றேதான், வித்தியாசம் 17,500 திர்ஹம்.

இரண்டாவது, குடும்ப வீசா, வீட்டு வாடகை, பாடசாலைக் கட்டணம், மருத்துவக் காப்புறுதி ஆகியவற்றை யார் கொடுப்பது? டுபாயில் இரண்டு பிள்ளைகளின் பாடசாலைச் செலவு மட்டுமே நல்ல சம்பளத்தையும் கரைத்துவிடும்.

மூன்றாவது, வேலையை விட எத்தனை நாள் முன்னறிவித்தல்? இடையில் விட்டால் எதையாவது திருப்பிக் கட்ட வேண்டுமா?

நான்காவது, பதவியின் அதிகாரம் என்ன? எத்தனை பேர் கீழே, எவ்வளவு கொள்வனவுக்குக் கையொப்ப உரிமை, யாருக்குப் பதில் சொல்வது? கையொப்ப உரிமை இல்லாத பணிப்பாளர் பதவி அடுத்த வேலை தேடும்போது கைகொடுக்காது.

நம் பிள்ளைகளிடம் இல்லாதது எது?

இப்போது நம் கடைகளுக்கு வருவோம். புறக்கோட்டையிலோ காத்தான்குடியிலோ கல்முனையிலோ வாப்பாவின் கடையில் பத்து வருடம் நின்ற பிள்ளைக்குச் சீனாவிலிருந்து சரக்கு எடுக்கத் தெரியும். சுங்கத்தில் பேசத் தெரியும். பண்டிகைக்கு எத்தனை மாதம் முன்னர் கட்டளை கொடுப்பது என்று தெரியும். ஆனால் இதில் ஒன்றையும் அவனால் கடதாசியில் காட்ட முடியாது. நியமனக் கடிதம் இல்லை. ஊழியர் சேமலாப நிதியில் பெயர் இல்லை. சம்பளச் சீட்டு இல்லை. வேண்டியபோது லாச்சியிலிருந்து எடுத்துக்கொண்டான். வெளிநாட்டு நிறுவனம் விண்ணப்பத்தைப் பார்க்கும்போது அந்தப் பத்து வருடமும் வெற்றிடமாகவே தெரிகிறது.

இதைத் திருத்துவது வாப்பாமார் கையில் இருக்கிறது. மகனுக்கு முறையான நியமனக் கடிதம் கொடுங்கள். சம்பளத்தை வங்கியில் போடுங்கள். சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதத்தையும் அவன் பங்கு 8 வீதத்தையும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதத்தையும் மாதாமாதம் கட்டுங்கள். ஒரு பொறுப்பை முழுமையாக அவனிடம் ஒப்படைத்து, அதன் கணக்கை அவனே எழுதட்டும். அவன் போகாமல் கடையிலேயே நின்றாலும் இந்த ஒழுங்கு கடைக்கு இலாபம்தான்.

அடுத்தது படிப்பு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து, தளபாடத் துறையில் பட்டப்படிப்பு உண்டு. கொள்வனவுக்கு சி.ஐ.பி.எஸ்., போக்குவரத்துக்கு சி.ஐ.எல்.டி., திட்டமிடலுக்கு ஏ.எஸ்.சி.எம். நிறுவனத்தின் சி.பி.ஐ.எம்., சி.எஸ்.சி.பி. ஆகியன உலகில் பல நாடுகளில் மதிக்கப்படுபவை. வேலை செய்துகொண்டே படிக்கலாம். எஸ்.ஏ.பி., ஒரக்கிள் போன்ற கணினி முறைகளில் ஒன்றிலாவது கைப்பழக்கம் வேண்டும்.

ஆனால் சான்றிதழும் கடை அனுபவமும் மட்டும் உயர் பதவியைத் தராது. உள்ளூரில் ஓர் ஆடைத் தொழிற்சாலையிலோ, உணவு உற்பத்திக் கம்பனியிலோ, சரக்கு அனுப்பும் நிறுவனத்திலோ சேர்ந்து, கீழ்ப் பதவியிலிருந்து படிப்படியாக ஏற வேண்டும். பத்து, பதினைந்து வருடப் பாதை இது. "முதலில் எப்படியாவது போய்ச் சேர்ந்தால் பிறகு ஏறலாம்" என்று பொய்ப் பதவிப் பெயரில் போனவருக்கு அந்தப் பெயரே பின்னர் தடையாகிவிடுகிறது.

ஏமாறாமல் இருக்க

சில அடையாளங்களைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

1. அனுசரணைச் சான்றுக்கு ஒரு விலை சொல்கிறார்கள். உண்மையான வேலையில் அதற்கு விலை கிடையாது.

2. நேர்முகப் பரீட்சை இல்லை, அல்லது பத்து நிமிடத்தில் முடிகிறது. கோடிக்கணக்கான கொள்வனவை ஒப்படைக்கும் நிறுவனம் மூன்று, நான்கு தடவையாவது பேசும்; பழைய முதலாளியிடமும் விசாரிக்கும்.

3. நிறுவனத்தின் பெயரைப் பணம் கட்டிய பின்னரே சொல்வார்களாம்.

4. கடிதத்தில் பணிப்பாளர் என்றும், வீசாவில் வேறு தொழில் என்றும் இருக்கிறது.

5. வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியத் தேவையில்லை, சுற்றுலா வீசாவில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

முகவர் மூலம் போவதாயின் அவருக்கு உரிமம் உண்டா, அந்த வேலைக்கு அனுமதி பெற்றிருக்கிறாரா என்று பத்தரமுல்லையிலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த நிறுவனம் அது. சான்றிதழ்களை வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் முன்கூட்டியே உறுதிப்படுத்தி வைப்பதும் நல்லது.

"அப்படியானால் நாங்கள் ஒரு சதமும் செலவழிக்கத் தேவையில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். செலவழிக்க வேண்டும். படிப்புக்கும், பரீட்சைக் கட்டணத்துக்கும், ஆங்கிலத்துக்கும் செலவழியுங்கள். அந்தப் பணம் பிள்ளையோடு எந்த நாட்டுக்கும் போகும்; வேலை ஒன்று கைநழுவினாலும் அது வீணாகாது. இடையில் நிற்பவருக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீதும் இல்லை, திரும்பவும் வராது.

இவ்வாரப் பயிற்சி

கடையில் இருக்கும் மகனிடமோ மருமகனிடமோ ஒரு கொப்பியைக் கொடுங்கள். போன வருடம் அதிகம் விற்ற பத்துப் பொருட்களை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் வருடத்துக்கு எத்தனை தடவை சுழன்றது, எத்தனை நாள் தட்டில் கிடந்தது, கட்டளை கொடுத்து எத்தனை நாளில் வந்தது, எத்தனை தடவை "முடிந்துவிட்டது" என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினோம் என்று நான்கு நிரல் போடட்டும். மூன்று மாதத்தில் எந்த நிரலையாவது மாற்றிக் காட்டி, எப்படி மாற்றினான் என்று ஒரு பக்கம் எழுதட்டும். பிற்காலத்தில் ஒரு நிறுவனம் அவனிடம் கேட்கப்போவது இந்தப் பக்கத்தைத்தான்.